ராக்கெட்டைப் பிடித்தாகிவிட்டது... செவ்வாய் மட்டும் ஏன் இன்னும் தூரத்திலேயே இருக்கிறது?

2024 அக்டோபர் 13. அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் கிளம்பியது. ஏழே நிமிடங்களில் அதன் கீழ்ப்பகுதியான சூப்பர் ஹெவி பூஸ்டர், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. 71 மீட்டர் உயரம். அதாவது 20 மாடிக் கட்டடத்தைவிடப் பெரியது. ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகள் அதை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டன. உலகமே அந்த வீடியோவை வாய் பிளந்து பார்த்தது. "அப்போ செவ்வாய்க்கு டிக்கெட் எப்போ?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழுந்தது.

மறுநாள், அக்டோபர் 14. அதே நிறுவனத்தின் இன்னொரு ராக்கெட்டான ஃபால்கன் ஹெவி, புளோரிடாவிலிருந்து கிளம்பியது. நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தை வியாழன் கோளை நோக்கி அனுப்ப வேண்டும். ஃபால்கன் ஹெவியின் மூன்று பூஸ்டர்களும் வேலையை முடித்துவிட்டுக் கடலில் விழுந்து அழிந்தன. அதில் இரண்டு ஏற்கெனவே ஐந்து முறை பறந்து, பத்திரமாகத் திரும்பியவை. இந்த முறை அவற்றைத் திரும்பக் கொண்டுவர முயற்சிகூட நடக்கவில்லை.

ஏதோ கோளாறு நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். திட்டமே அப்படித்தான். தரையிறங்குவதற்காக மிச்சம் வைக்க வேண்டிய எரிபொருளையும் சேர்த்து எரித்தால்தான், ஏறத்தாழ 6 டன் எடையுள்ள கிளிப்பருக்குத் தேவையான வேகம் கிடைக்கும்.

ஒரு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மறுபயன்பாட்டு ராக்கெட்டுகளின் இன்றைய நிலை புரிந்துவிடும். பூமிக்குப் பக்கத்தில் மறுபயன்பாடு அன்றாட வேலையாகிவிட்டது. வேறு கோளுக்குப் போக வேண்டும் என்றால், அங்கே கணக்கே வேறு.

எதுவரை ஜெயித்திருக்கிறார்கள்?

முதலில் சாதனையைச் சாதனை என்று சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 பூஸ்டர் முதன்முறையாகத் தரையிறங்கியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்த பூஸ்டர் ஒன்று மறுபடியும் பறந்தது. இன்று ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. 2025 நவம்பரில் ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனமும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் நியூ கிளென் ராக்கெட், செவ்வாயை ஆராயப்போகும் நாசாவின் எஸ்கபேட் இரட்டை விண்கலங்களை அனுப்பிவிட்டு, பூஸ்டரைக் கடலில் நின்ற கப்பலில் இறக்கியது.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. திரும்பி வந்தது ராக்கெட்டின் கீழ்ப்பகுதி மட்டுமே. கீழ்ப்பகுதி ஒருபோதும் சுற்றுவட்டப் பாதையைத் தொடுவதில்லை. மேலே போய், பாதி வழியில் பிரிந்து, திரும்பிவிடும். கோளை நோக்கிப் போவது மேல்பகுதிதான். ஃபால்கன் 9 ஆகட்டும், நியூ கிளென் ஆகட்டும், அந்த மேல்பகுதி ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பட்டு, ஒருமுறை பயன்பட்டு, தூக்கி எறியப்படுகிறது.

திரும்பி வருவதற்கு விலையும் உண்டு. பூஸ்டரைத் தூக்கி எறியத் தயார் என்றால், ஃபால்கன் 9 தாழ்வான சுற்றுவட்டப் பாதைக்கு 22.8 டன் சுமக்கும். பூஸ்டரைத் திரும்பப் பெற வேண்டும் என்றால், சுமை ஏறத்தாழ 17.5 டன்னாகக் குறைந்துவிடும். பக்கத்து ஊருக்குப் போகும்போது இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். தூரம் கூடக் கூட, இழப்பும் கூடும். கிளிப்பர் விஷயத்தில் நடந்தது இதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஸ்டார்ஷிப். கீழ்ப்பகுதி, மேல்பகுதி இரண்டுமே திரும்பி வர வேண்டும். இரண்டுமே எரிபொருள் நிரப்பி உடனே பறக்க வேண்டும். மேல்பகுதி விண்வெளியிலேயே எரிபொருள் வாங்கிக்கொண்டு செவ்வாய்க்குப் போய், அங்கே இறங்கி, திரும்பியும் வர வேண்டும். காகிதத்தில் பிரமாதமான திட்டம். இதில் 'திரும்பியும் வர வேண்டும்' என்ற மூன்று வார்த்தைக்குள்தான் மீதி எல்லாச் சவால்களும் ஒளிந்திருக்கின்றன.

முதல் தடை: வெப்பம்

ஃபால்கன் 9 பூஸ்டர் பிரியும்போது அதன் வேகம் மணிக்கு 8,000 கி.மீ. வாக்கில் இருக்கும். சுற்றுவட்டப் பாதையில் இருக்கும் மேல்பகுதியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேக வித்தியாசம் மூன்றரை மடங்குதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் தணிக்க வேண்டிய ஆற்றல் 12 மடங்கு ஆகிவிடும். அந்த ஆற்றல் முழுவதும் வளிமண்டலத்தில் நுழையும்போது வெப்பமாக மாறும்.

இந்த வெப்பத்தோடு மோதிப் பார்த்த பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில், 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. ஒவ்வொரு ஓடத்திலும் 20,000-க்கும் அதிகமான வெப்பத் தடுப்பு ஓடுகள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஊழியர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; பழுதானதை மாற்ற வேண்டும். இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபடி பறக்கும் என்பதுதான் தொடக்கக் கால வாக்குறுதி. 30 ஆண்டுகளில் எட்டிய மிகக் குறைந்த இடைவெளியே 54 நாள். அதிகபட்சமாக ஓர் ஆண்டில் பறந்தது 9 முறை, அதுவும் 1985-ல். அடுத்த ஆண்டு ஜனவரியில் சேலஞ்சர் வெடித்தது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்து விழுந்த நுரைத் துண்டு ஒன்று, இடது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த வெப்பக் கவசத்தை உடைத்திருந்தது. அந்த ஓட்டை வழியாகப் புகுந்த வெப்பம் இறக்கையை உள்ளிருந்தே உருக்கியது. வெப்பக் கவசத்தில் 'கிட்டத்தட்ட சரி' என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

ஸ்டார்ஷிப்பின் மேல்பகுதியில் சுமார் 18,000 அறுகோண ஓடுகள் ஒட்டப்படுகின்றன. உள்ளே இருப்பது துருப்பிடிக்காத எஃகு. அலுமினியத்தால் ஆன ஷட்டிலைவிட இது அதிக சூட்டைத் தாங்கும். 2024 ஜூன் மாதம் நான்காவது சோதனையில், இறக்கை போன்ற மடிப்பு ஒன்று எரிந்து ஓட்டையாவது நேரலையிலேயே தெரிந்தது. ஆனாலும் கலம் இந்தியப் பெருங்கடல் வரை வந்து சேர்ந்தது. 2025-ல் ஏழாவது, எட்டாவது சோதனைகளில் மேல்பகுதி ஏறும்போதே வெடித்தது. ஒன்பதாவதில் கட்டுப்பாட்டை இழந்தது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நடந்த அடுத்த இரண்டு சோதனைகளில் வெற்றிகரமாகக் கடலில் இறங்கியது. பலவீனமான இடங்கள் எவை என்று பார்க்க, வேண்டுமென்றே சில ஓடுகளைக் கழற்றிவிட்டுப் பறக்கவிட்டார்கள்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 2025 அக்டோபர் வரை நடந்த 11 சோதனைகளில் ஒரு மேல்பகுதிகூட மறுமுறை பறக்கவில்லை. கடலில் விழாமல் உயிர் பிழைப்பது ஒரு கட்டம். பிழைத்து வந்த கலத்தை ஓடு ஓடாகத் தடவிப் பார்க்காமல் மறுபடி பறக்கவிடுவது அடுத்த கட்டம். ஷட்டில் தோற்றது இரண்டாவது கட்டத்தில்தான்.

செவ்வாயிலிருந்து திரும்பும் கலத்துக்கு இது இன்னும் கடினம். அது பூமியின் வளிமண்டலத்தில் நுழையும் வேகம் மணிக்கு 40,000 கி.மீ.யைத் தாண்டும். அந்த வேகத்தில் கவசத்தின்மீது விழும் வெப்பம், தாழ்வான சுற்றுவட்டப் பாதையிலிருந்து திரும்புவதைவிடப் பல மடங்கு. 2022 டிசம்பரில் நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய நாசாவின் ஓரியன் கலம், ஏறத்தாழ 40,000 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. அதன் கவசத்தில் 100-க்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய பகுதிகள் எதிர்பாராத விதமாகப் பெயர்ந்திருந்தன. காரணத்தைக் கண்டுபிடித்து அறிவிக்க நாசாவுக்கு இரண்டு ஆண்டு ஆனது. இத்தனைக்கும் அது ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிவிடும் வகைக் கவசம்.

இரண்டாவது தடை: விண்வெளியில் ஒரு பெட்ரோல் பங்க்

பூமியின் ஈர்ப்பைத் தாண்டி சுற்றுவட்டப் பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்டார்ஷிப்பின் தொட்டி ஏறத்தாழ காலியாகிவிடும். அங்கிருந்து செவ்வாய்க்கோ, நிலவின் தரைக்கோ போக வேண்டுமென்றால் மறுபடி எரிபொருள் வேண்டும். முழுத் தொட்டி என்றால் 1,200 டன்னுக்கும் மேல் திரவ மீத்தேனும் திரவ ஆக்ஸிஜனும். ஒரு டேங்கர் ஸ்டார்ஷிப் 100 டன் சுமந்து வந்தால், ஒரு கலத்தை நிரப்ப 12 டேங்கர் பயணங்கள் தேவை. வழியில் ஆவியாகும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். நிலவில் இறங்கும் ஒரேயொரு பயணத்துக்கே பத்துக்கு மேல், இருபதை நெருங்கும் அளவுக்கு டேங்கர்கள் தேவைப்படலாம் என்று நாசா தரப்பில் சொல்லப்பட்டிருக்கிறது.

விண்வெளியில் எரிபொருள் மாற்றுவது புதிதில்லையே என்று கேட்கலாம். உண்மை. 1978-லேயே சோவியத் யூனியனின் புராகிரஸ் கலம், சல்யூட் 6 நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியது. ஆனால் அது சாதாரண வெப்பநிலையில் இருக்கக்கூடிய திரவம், அளவும் குறைவு. ஸ்டார்ஷிப்பின் கதை வேறு. ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியிலும், மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலும் கொதித்துவிடும். அதைவிடக் குளிராக வைத்திருந்தால்தான் அவை திரவம். சூரிய வெளிச்சம் பட்டாலே ஆவியாகத் தொடங்கிவிடும்.

எடையில்லா நிலையில் இன்னொரு தலைவலி. திரவம் தொட்டியின் அடியில் தங்காது. உருண்டை உருண்டையாக மிதக்கும். குழாயைத் திறந்தால் வருவது திரவமா, வாயுவா என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு கலங்களையும் இணைத்தபடி, சிறு உந்துதல் கொடுத்து, திரவத்தை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஸ்டார்ஷிப் ஒரே கலத்துக்குள் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஆக்ஸிஜனை மாற்றிப் பார்த்தது. இரண்டு கலங்கள் விண்வெளியில் இணைந்து இந்த மாற்றத்தைச் செய்வது 2025 இறுதிவரை நடக்கவில்லை.

இந்த ஒரு படி நடக்காவிட்டால், பின்னால் வரும் எதுவும் நடக்காது. செவ்வாய் மட்டுமல்ல, நாசா மனிதர்களை மறுபடி நிலவில் இறக்கும் திட்டமும் இதை நம்பித்தான் இருக்கிறது. 2021 ஏப்ரலில் அதற்கான ஒப்பந்தம் 289 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்குக் கிடைத்தது. அது அமெரிக்க மக்களின் வரிப்பணம்.

மூன்றாவது தடை: ஏழு மாதத் தூக்கம்

டேங்கர்கள் வந்து, தொட்டி நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்குப் பயணம் ஆறு முதல் ஒன்பது மாதம். இறங்குவதற்கான எரிபொருளை அவ்வளவு நாளும் குளிரில் காப்பாற்ற வேண்டும். வால்வுகள் உறைந்துபோகக் கூடாது. மூடிகள் கசியக் கூடாது. கடைசி நிமிடத்தில் இன்ஜின் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம்வரை ஆகும் என்பதால், பூமியிலிருந்து யாரும் உதவ முடியாது.

இந்த வகை எரிபொருளில் விண்வெளியில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது? 2024 பிப்ரவரியில் இன்டூயிட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ் கலம், மீத்தேன்–ஆக்ஸிஜன் இன்ஜினோடு கிளம்பி நிலவில் இறங்கியது. ஏழு நாள் பயணம். ஏழு நாளிலிருந்து ஏழு மாதத்துக்குப் போவது லேசுப்பட்ட காரியமில்லை.

பூமியில் ஒரு பூஸ்டர் திரும்பி வந்தால், அதைப் பார்க்க நூறு பொறியாளர்கள் காத்திருப்பார்கள். செவ்வாயில் இறங்கும் கலத்தைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒரு சீல் போச்சு என்றால், எல்லாம் போச்சு.

நான்காவது தடை: இறங்க இடமும் இல்லை, காற்றும் இல்லை

செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கலத்தைச் சுட்டெரிக்க அந்தக் காற்று போதும்; வேகத்தை முழுவதும் குறைக்கப் போதாது. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். அதை இறக்கவே வெப்பக் கவசம், 21.5 மீட்டர் அகலப் பாராசூட், ராக்கெட்டுகள் பொருத்திய பறக்கும் கிரேன் எல்லாம் தேவைப்பட்டன. ஸ்டார்ஷிப் இறக்க நினைப்பது 100 டன் சரக்கை. கலத்தின் எடை அதற்கு மேல். அந்த எடைக்குப் பாராசூட் உதவாது. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் விழும்போதே இன்ஜினைப் பற்றவைத்து, எதிர்த்திசையில் உந்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஃபால்கன் 9 பூஸ்டர் திரும்பும்போது பூமியின் மேல் வளிமண்டலத்தில் செய்வதும் இதே வேலைதான். அங்கே காற்றின் அடர்த்தி செவ்வாயை ஒத்திருக்கும். 2014-லேயே நாசா அந்தத் தகவல்களைச் சேகரிக்கத் தொடங்கியது. மறுபயன்பாட்டுத் தொழில்நுட்பம் செவ்வாய்க்கு நேரடியாகக் கொடுத்திருக்கும் பரிசு இது.

ஆனால் டெக்சாஸில் பிடித்ததுபோல் பிடிக்க அங்கே கோபுரம் கிடையாது. கலம் தன் காலிலேயே நிற்க வேண்டும். அதுவும் மண்ணும் கல்லும் கிடக்கும் தரையில். 2023 ஏப்ரலில் ஸ்டார்ஷிப் முதன்முறையாகக் கிளம்பியபோது, அதன் கீழ்ப்பகுதி இன்ஜின்கள் ஏவுதளத்தின் கான்கிரீட்டையே பெயர்த்துப் பள்ளமாக்கின. செவ்வாயில் எரியப்போவது அந்த 33 இன்ஜின்கள் அல்ல, சில மட்டுமே. ஆனால் அங்கே கான்கிரீட்டும் இல்லை. 1969-ல் அப்போலோ 12 நிலவில் இறங்கியபோது கிளப்பிய தூசி, சுமார் 160 மீட்டர் தள்ளி நின்ற சர்வேயர் 3 கலத்தை உப்புத்தாள் போட்டு உரசியதுபோல் ஆக்கிவிட்டது. தெறிக்கும் கல் ஒன்று தன் சொந்த இன்ஜினையே தாக்கினால், அந்தக் கலம் திரும்பி வராது.

ஐந்தாவது தடை: திரும்பி வர எரிபொருள்

செவ்வாயில் இறங்கிய கலத்தின் தொட்டி மறுபடியும் காலி. திரும்புவதற்கான எரிபொருளை பூமியிலிருந்தே சுமந்து போவது கட்டுப்படியாகாது. அதனால் அங்கேயே தயாரிக்க வேண்டும் என்பது திட்டம். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. நிலத்தடிப் பனியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, இரண்டையும் சேர்த்தால் மீத்தேன் கிடைக்கும். வேதியியல் பழையது, நம்பகமானது. கேள்வி அளவைப் பற்றியது.

பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற சிறு கருவி இருந்தது. செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் தயாரிக்க முடியும் என்று முதன்முறையாக நிரூபித்தது அதுதான். 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்ஸிஜன் தயாரித்தது. உச்ச வேகம், மணிக்கு 12 கிராம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1,200 டன் எரிபொருளில் ஆக்ஸிஜன் மட்டும் 940 டன் வாக்கில் இருக்கும். மாக்ஸியின் உச்ச வேகத்தில் அதைத் தயாரிக்க ஏறத்தாழ 9,000 ஆண்டு ஆகும். பாதித் தொட்டி போதும் என்றாலும் 4,500 ஆண்டு. மாக்ஸி ஒரு சோதனைக் கருவிதான். இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் நிரூபித்ததற்கும் தேவைக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்ட இந்த ஒரு எண் போதும்.

ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் தொட்டி நிரம்ப வேண்டும் என்றால், பல நூறு கிலோவாட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். செவ்வாயில் சூரிய வெளிச்சம் பூமியில் கிடைப்பதில் 43 சதவீதம்தான். தூசிப் புயல் வந்தால் வாரக்கணக்கில் அதுவும் மங்கிவிடும். பனியைத் தோண்ட இயந்திரம், அதைச் சுத்தப்படுத்த ஆலை, வாயுவைத் திரவமாக்கக் குளிரூட்டி, இவற்றுக்கெல்லாம் மின்நிலையம். சுருக்கமாகச் சொன்னால், மனிதர்கள் போவதற்கு முன்பே அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலை தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இது ராக்கெட் பிரச்சினையே இல்லை, தொழிற்சாலைப் பிரச்சினை.

கோள்கள் போடும் கால அட்டவணை

இவை அனைத்தையும் பொறியாளர்கள் ஒருநாள் தீர்த்துவிடலாம். தீர்க்கவே முடியாத ஒன்று இருக்கிறது; அது நாள்காட்டி.

பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு வருவது 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். வழக்கமான பாதையில் போகும் கலம், செவ்வாயில் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து, பூமிக்குத் திரும்பி வர மொத்தம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் அடுத்த வாய்ப்பு கடந்து போயிருக்கும். அதற்கடுத்த வாய்ப்புக்குத்தான் அது மறுபடி கிளம்ப முடியும். அதாவது நான்கு ஆண்டு, நான்கு மாதத்துக்கு ஒரு பயணம். ஒரு கலம் 20 ஆண்டு உழைத்தாலும் ஐந்து முறைக்கு மேல் போக முடியாது. வேகமான பாதையில் போனால் கொஞ்சம் கூட்டலாம். அதற்கு எரிபொருளும் கூடுதலாக வேண்டும்.

விமானத்தின் டிக்கெட் விலை கட்டுப்படியாவது, ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து முறை பறப்பதால்தான். மறுபயன்பாட்டு ராக்கெட்டைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாச் சிக்கனக் கணக்கும் இந்த ஒப்பீட்டில்தான் நிற்கிறது. அந்தக் கணக்கு பூஸ்டருக்குப் பொருந்தும். பூமிக்கும் சுற்றுவட்டப் பாதைக்கும் இடையே ஓடும் டேங்கருக்கும் பொருந்தும். செவ்வாய்க்குப் போகும் கலத்துக்குப் பொருந்தாது. அதற்கு வேண்டியது 'சீக்கிரம் மறுபடி பற' என்பதல்ல. 'இரண்டரை ஆண்டு பழுதாகாமல் இரு' என்பது. இரண்டும் வேறு வேறு பொறியியல். ஒன்றில் ஜெயித்ததைக் காட்டி இன்னொன்றும் கைக்கு வந்துவிட்டதாகச் சொல்வதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த விண்வெளி மாநாட்டில் எலான் மஸ்க் ஓர் அட்டவணையை முன்வைத்தார். 2022-ல் சரக்குக் கலங்கள் செவ்வாயில் இறங்கும். 2024-ல் மனிதர்கள் போவார்கள். இரண்டு ஆண்டுகளும் வந்து போய்விட்டன. தாமதம் குற்றமல்ல, இவ்வளவு பெரிய வேலையில் தாமதம் இயல்பு. ஆனால் தேதியை முதலில் அறிவித்துவிட்டு, சவால்களைப் பிறகு கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஷட்டில் காலத்தில் அட்டவணை அழுத்தம் பாதுகாப்பு முடிவுகளை எப்படி வளைத்தது என்பதைச் சேலஞ்சர், கொலம்பியா விசாரணைகள் இரண்டுமே பதிவு செய்திருக்கின்றன. பலியானவர்கள் 14 பேர்.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்த விவாதம் இந்தியாவுக்கு வெளியே நடப்பதல்ல. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாயில் அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தாழ்வான சுற்றுவட்டப் பாதைக்கு 30 டன் சுமக்கும் அந்த ராக்கெட்டின் முதல் நிலை மறுபயன்பாட்டுக்கு உரியது. இறக்கை வைத்த புஷ்பக் என்ற மாதிரி ஓடம், 2023-லும் 2024-லும் கர்நாடகாவின் சித்ரதுர்காவில் மூன்று முறை தானாகத் தரையிறங்கிக் காட்டியது. 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் விண்வெளியில் இணைந்தன.

இதில் தலைப்புச் செய்தியானது இறங்கும் ஓடம்தான். ஆனால் கோள்களுக்கு இடையிலான பயணத்துக்கு நேரடியாகப் பயன்படுவது விண்வெளி இணைப்பு. நிலவிலிருந்து மண் எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டமே அதைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டு ராக்கெட்டுகளில் தனித்தனியாக அனுப்பி, மேலே இணைத்து, பெரிய ராக்கெட் இல்லாத குறையைச் சமாளிக்கும் யோசனை அது. முதல் நிலையைத் திரும்பப் பெறுவதற்குக் கொடுக்கும் அதே கவனத்தை, குளிர்நிலை எரிபொருளை விண்வெளியில் பாதுகாப்பதற்கும் மாற்றுவதற்கும் இஸ்ரோ கொடுக்க வேண்டும். உலகில் யாரும் இன்னும் முழுதாக ஜெயிக்காத களம் அது. பின்தங்கிவிட்டோம் என்ற கவலைக்கே அங்கே இடமில்லை.

அடுத்த வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும்?

ராக்கெட் தரையிறங்கும் காட்சிகள் இனியும் வரும், ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் செவ்வாய் நெருங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால், அந்தக் காட்சியில் விடை கிடைக்காது. சுற்றுவட்டப் பாதையிலிருந்து திரும்பிய மேல்பகுதி எத்தனை நாளில், எத்தனை ஓடுகளை மாற்றி, மறுபடி பறந்தது? இரண்டு கலங்கள் இணைந்து எத்தனை டன் எரிபொருளை மாற்றின. அதில் எவ்வளவு ஆவியானது? பல மாதம் சும்மா மிதந்த பிறகு ஓர் இன்ஜின் முதல் முயற்சியிலேயே பற்றியதா? கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் வைரலாகாது. ஏதோ ஓர் அறிக்கையின் நடுப்பக்கத்தில், ஓர் எண்ணாக வரும். செவ்வாய்க்கான தேதியை யார் அறிவித்தாலும், அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு நம்பலாம்.